அறுபத்தொன்றாம் குழந்தை

உன் கையெழுத்தை இனிமேல் பார்க்க வேண்டியிருக்காது என்றுதான் நினைத்திருந்தேன். இன்று காலை அது தானாக வந்து விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் கிளினிக்கில் யாரும் இல்லை. பின்னறையில் இருக்கும் அந்தப் பெரிய ஃப்ரீசரை அணைத்துக் கதவைத் திறந்துவைத்து, அடியில் ஒரு பழைய துண்டைப் போட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு வருடப் பனி, லேசில் இளகவில்லை. பத்தரை மணிக்குப் பின்சுவரில் ஒட்டியிருந்த பாளம் கழன்று விழுந்தபோது அதோடு ஒரு ஒட்டுச்சீட்டும் நழுவித் துண்டின்மேல் கிடந்தது. நீல மை கொஞ்சம் கலங்கியிருந்தது. படிக்க முடிந்தது. 61, நடுவில் ஒரு கோடு, பிறகு 14.

அதைக் கையில் எடுத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. துண்டிலிருந்து தண்ணீர் வழிந்து என் செருப்பு நனைந்த பிறகுதான் எழுந்தேன். உன்னிடம் சொல்ல வேண்டியதைச் சொல்ல இதைவிட நல்ல நேரம் வராது. மூன்று மணிப் பேருந்துக்கு இன்னும் பொழுது இருக்கிறது.

நீ இந்தக் கிளினிக்குக்கு வந்தது அந்த ஃப்ரீசரோடுதான். சென்னையிலிருந்து ஓர் ஆராய்ச்சிக் குழு வந்து என்னிடம் ஓர் அறையும் மின்சாரமும் கேட்டது. உத்திரமேரூரைச் சுற்றியுள்ள ஊர்களில் பிறந்த அறுபது குழந்தைகளின் மலத்தைப் பிறந்த வாரம் தொடங்கி மாதம் ஒருமுறை எடுத்துச் சோதிக்கப் போகிறோம் என்றார்கள். குழந்தையின் குடலில் எந்த நுண்ணுயிர் எப்போது குடியேறுகிறது, எது காணாமல் போகிறது, அதனால் குழந்தைக்கு என்ன ஆகிறது என்று பார்க்கிற ஆராய்ச்சி. வீடு வீடாகப் போய் எடுத்துவர உன்னை வேலைக்கு வைத்தார்கள். நான் இருபத்திரண்டு வருடமாகக் குழந்தை வைத்தியம் பார்க்கிறவன். மலத்தின் நிறத்தைச் சொன்னாலே மருந்து எழுதிவிடுவேன் என்ற திமிர் எனக்கு உண்டு. என் பின்னறையில் அறுபது குழந்தைகளின் ஆய் உறையப் போகிறது என்பதை முதல் வாரம் முழுக்கக் கேலி செய்துகொண்டிருந்தேன்.

உன்னையும் சும்மா விடவில்லை. "என்னம்மா, இன்னிக்கு வசூல் எப்படி?" என்று கேட்பேன். நீ ஐஸ் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு, "நாலு வூடு சார். மூணு குட்த்தாங்க, ஒண்ணு தொரத்திச்சு" என்பாய். முகத்தில் கோபம் இருக்காது.

துரத்தினார்கள்தான். குழந்தையின் மலத்தை வைத்துச் செய்வினை வைக்கலாம் என்ற பயம் இந்தப் பக்கத்தில் இன்னும் போகவில்லை. "புள்ள பீய எட்த்துக்கினு போயி இன்னாடி பண்ணப் போற?" என்று ஐயங்கார்குளத்துப் பக்கம் ஒரு வீட்டில் துடைப்பத்தை எடுத்தே விட்டார்கள். மறுநாள் நீ பெட்டியின் கைப்பிடியில் ஒரு கொத்து வேப்பிலை கட்டிக்கொண்டு போனாய். வேப்பிலை கட்டின பெட்டியில் வினை ஏறாது என்று நீயாகவே ஒரு சாத்திரம் உண்டாக்கியிருந்தாய். விஞ்ஞானத்தில் வேப்பிலை எங்கே வருகிறது என்று நான் சிரித்தேன். "பொட்டிக்கு வெளியதானே சார் கட்டிக்கீது, உள்ள ஒண்ணும் ஆவாது" என்றாய். அந்த மாதம் அறுபது வீடும் கொடுத்தன.

பெண்களுக்கு நீ விளக்கிய விதத்தை ஒருநாள் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டேன். தாய்ப்பாலில் ஒருவகைச் சர்க்கரை இருக்கிறது, குழந்தையால் அதைச் செரிக்கவே முடியாது, குடலில் உள்ள நல்ல கிருமிகளுக்கு மட்டும்தான் அது சாப்பாடு. இதை நானும் படித்திருக்கிறேன், யாருக்கும் சொன்னதில்லை. நீ சொன்னாய்: "உன் பாலு அம்புட்டும் புள்ளைக்கின்னு நெனச்சிக்கினு கீறயா? இல்ல. அது வவுத்துல குடித்தனம் வந்துகீறாங்களே, அவங்களுக்கும் சேத்துதான் ஊறுது. நல்ல குடித்தனக்காரங்க மொதல்ல வந்துட்டா ரௌடிப் பசங்களுக்கு எடம் இருக்காது." அந்தப் பெண் சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து எனக்கும் அவர்கள் குடித்தனக்காரர்கள்தான்.

பதினேழாம் குழந்தை விஷயத்தில் நாம் சண்டை போட்டது ஞாபகம் இருக்கும். நான்கு மாதப் பையன், இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. காய்ச்சல் இல்லை, ரத்தம் இல்லை, நன்றாகப் பால் குடிக்கிறான், சிரிக்கிறான். நான் வழக்கம்போல ஆன்டிபயாடிக் சிரப் எழுதினேன். மாலையில் நீ உன் படிவத்தோடு வந்து மேசைக்கு எதிரில் நின்றாய்.

"பதினேழுக்கு எதுக்கு சார் இத எழ்துனீங்க?"

"அம்மா கேக்குது. நான் எழுதலைன்னா நேரா மெடிக்கலுக்குப் போய் இதைவிட பலமா வாங்கிக் கொடுக்கும்."

"பயம் அவங்களுக்கா சார், உங்களுக்கா?"

படிவங்களை மேசையில் பரப்பினாய். எந்தக் குழந்தைக்கு எந்த மாதம் ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்டது என்பதைச் சிவப்பு மையில் எழுத வேண்டும் என்பது திட்டத்தின் விதி. பரப்பிய இடமெல்லாம் சிவப்பாக இருந்தது. எழுதிய டாக்டர் பெயர் என்ற இடத்தில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் நான். ஒவ்வொரு முறையும் குடித்தனக்காரர்களை மொத்தமாகக் காலி செய்து அனுப்பியிருக்கிறேன். எனக்கு முகம் சுட்டது. வெளியே போ என்றேன். போய்விட்டாய். மறுநாள் காலை ஒன்றும் நடக்காதது போலப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, "சார், நாஷ்டா ஆச்சா?" என்று கேட்டாய்.

நான் மாறினேன் என்று பெரிதாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன். மெல்ல மெல்ல உப்புச்சர்க்கரைக் கரைசலும் ஜிங்க்கும் எழுதி, இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்று சொல்லப் பழகினேன். கூட்டம் குறைந்தது. மருந்து எழுதத் தெரியாத டாக்டர் என்று கடைத்தெருவில் பேர் வாங்கினேன். ஆனால் நீயே ஒருநாள் இருபது நாள் குழந்தை ஒன்றைத் தாயோடு சேர்த்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தாய். உடம்பு கொதித்தது. "சார், இதுக்கு எழ்துங்க. ஒடனே எழ்துங்க" என்றாய். மருந்து எதிரி இல்லை, பயத்தில் எழுதும் மருந்துதான் எதிரி என்பது உனக்கு என்னைவிடத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

உன் படிவத்தில் இன்னொரு விதி இருந்தது. தாய்க்கு மருந்தின் பெயர் தெரியாவிட்டால் ஊகித்து எழுதக் கூடாது. 'தெரியாது' என்று எழுத வேண்டும். உன் வாயில் அதுவே ஒரு பழமொழியாகிவிட்டது. நான் ஒரு காய்ச்சலுக்கு ஏதோ ஒரு பெயர் சொல்லிச் சமாளித்தால், "தெரியலன்னா தெரியலன்னு எழ்திக்கோங்க சார்" என்பாய். எரிச்சலாக வரும்.

இனி எழுதப்போவதுதான் கஷ்டம்.

ஒன்பது வருடம் காத்திருந்து நீ கர்ப்பமானாய். ஏழாம் மாத முடிவில் ரத்த அழுத்தம் ஏறி, காஞ்சிபுரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்தார்கள். பெண். என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. மூன்றாம் நாள் நான் பார்க்க வந்தபோது நீ படுக்கையில் இருந்தபடி கேட்டாய்: "சார், அது வவுத்துல மொதல்ல யாரு குடி வந்துருப்பாங்க? எங்கிட்டருந்து ஒண்ணுமே போவலியே. ஆஸ்பத்திரி கிருமிங்கதானே?" உன் அறுபது குழந்தைகளிடம் படித்ததையெல்லாம் உன் மகள்மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாய். படிப்பு சில சமயம் கொடுமைதான். "பால் இறங்கட்டும், எல்லாம் சரியாயிடும்" என்றேன்.

நீ அதைப் பிடித்துக்கொண்டாய். ஆறாம் நாள் உன்னை வீட்டுக்கு அனுப்பினார்கள், குழந்தை வார்டிலேயே இருந்தது. அதற்குப் பிறகு மதிய வேளைகளில், நான் சாப்பிடப் போயிருக்கும் நேரத்தில், உன்னிடம் இருந்த சாவியால் கிளினிக்கைத் திறந்துகொண்டு வந்து போனாய். ஒருநாள் நான் சீக்கிரம் திரும்பிவிட்டேன். நீ பின்னறையிலிருந்து வந்தாய், முகம் வெளுத்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு.

"பச்சை உடம்புக்காரி இங்க என்ன பண்ற? திட்ட வேலையெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம், வீட்ல இரு."

"கொஞ்சம் வேலை கீது சார். முட்ச்சிட்டுப் போய்ட்றேன்."

நான் அதற்குமேல் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. ஆண்பிள்ளை டாக்டரிடம், அதுவும் சாரிடம், பால் என்று ஒரு வார்த்தை சொல்ல உனக்குக் கூச்சம். ஊரார் பிள்ளைகளின் மலத்தைப் பற்றி என்னோடு இரண்டு வருடம் கூசாமல் பேசியவள் நீ. அன்று படி இறங்கிப் போனதுதான் நான் உன்னைக் கடைசியாகப் பார்த்தது.

பத்தொன்பதாம் நாள் காலையில் மார்பை அடைக்கிறது என்று சொன்னாயாம். காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்கு ஏறியிருக்க வேண்டும். ஆம்புலன்ஸ் வந்தது, பாலாற்றுப் பாலம் தாண்டவில்லை.

அப்புறம் நான் செய்ததைக் கேள். உன் காரியத்துக்கு மூன்று நாள் முன்னால் திட்டத்திலிருந்து கடிதம் வந்தது. சேகரிப்பு முடிந்தது, மாதிரிகள் எல்லாம் வந்துவிட்டன, ஃப்ரீசரில் மிச்சம் ஏதும் இருந்தால் முறைப்படி அழித்துவிட்டு அதை நீங்களே வைத்துக்கொள்ளலாம் என்று. திறந்து பார்த்தேன். கீழ்த்தட்டில் பதினாலு டப்பாக்கள். எல்லாம் திட்டத்தின் நீல மூடி டப்பாக்கள், எல்லாம் கறுப்புக் கவரில் சுற்றியவை, எல்லாவற்றின்மேலும் உன் கையெழுத்து. வேறு யாரையாவது செய்யச் சொல்லியிருக்கலாம். உன் கையெழுத்தை என்னால் பார்க்க முடியவில்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, கையுறை போட்ட கையால் தடவித் தடவி எடுத்து, மருத்துவக் கழிவு போடும் மஞ்சள் பையில் போட்டுக் கட்டினேன். அன்று மாலையே கழிவு வண்டி எடுத்துப் போய்விட்டது. துக்கத்தில் செய்தேன். துக்கத்தில் செய்தாலும் செய்தது நான்தான்.

காரியம் முடிந்த மறுநாள் காலை உன் வீட்டுக்காரர் வந்தார். மொட்டைத் தலை, கையில் உன் ஐஸ் பெட்டி. வாலாஜாபாத் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிற மனிதர், என் அறைக்குள் வந்து நிற்கவே தயங்கினார்.

"சார், அந்தப் பாலு டப்பாங்கள குட்த்தீங்கன்னா எட்த்துக்கினு போயிடுவேன்."

"எந்தப் பால்?"

"அது இங்கதான் சார் வச்சிக்கினு இருந்துச்சு. வூட்ல ஃப்ரிட்ஜ் ஏது. புழிஞ்சி புழிஞ்சி இங்க கொணாந்து வைக்கும், காலைல நீங்க வர்றதுக்கு மின்னாடி நான் வந்து கொஞ்சம் எட்த்துக்கினு போயி வார்டுல குடுப்பேன், மீதிக்கு நம்பர் போட்டு இங்கயே சேத்து வைக்கும். உங்களுக்குத் தெரியாதா சார்?"

எனக்குத் தெரியாது. இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "எங்கம்மாதான் வாணாம்னுச்சு சார். செத்தவ பாலு புள்ளைக்கு ஆவாது, கூட கூட்டிக்கினு பூடும்னு. நானும் பயந்துட்டேன். அங்க தாய்ப்பால் பேங்க்குல பாலு பத்தல, பவுடரு குடுக்கறாங்க. நேத்து நர்ஸம்மா கேட்டாங்க, அம்மா பாலு மீதி இருக்குதான்னு. எங்கம்மா இன்னா சொன்னாலும் சரின்னு வந்துட்டேன்."

உன் மாமியாரின் பயத்தை வென்று வர அவருக்குப் பதினாறு நாள் ஆயிற்று. நான் அதற்கு நான்கு நாள் முந்திக்கொண்டேன். அவரிடம் அதைச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்பது நினைவில்லை. அவர் கத்தவில்லை, ஒரு வார்த்தை திட்டவில்லை. ஐஸ் பெட்டியை என் மேசைக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பேன்.

அவர் போன பிறகு உன் பதிவேட்டைத் திறந்தேன். கடைசிப் பக்கத்தில் பதினாலு வரி. குழந்தை எண் என்ற இடத்தில் அறுபத்தொன்று. திட்டத்தில் இருந்தது அறுபது குழந்தைகள்தான். மாதிரியின் நிறம் என்ற இடத்தில், 'வெளிர் மஞ்சள்'. தன்மை என்ற இடத்தில், 'நீர்த்தது, பிறகு கெட்டி'. குறிப்பு என்ற இடத்தில் ஒவ்வொரு வரியிலும், 'முப்பது மில்லி'. ஒரே ஒரு வரியில் மட்டும், 'இன்று நாற்பது'. அந்த 'இன்று நாற்பது' என்னைக் கொன்றுவிட்டது. அன்று நீ எவ்வளவு சந்தோஷமாக அதை எழுதியிருப்பாய்.

மூன்று நாள் கழித்து உன் மகளின் வயிறு உப்பியது. மலத்தில் ரத்தம். குறைமாதக் குழந்தைகளுக்கு வருகிற அந்தக் குடல் நோய்தான், சுவரே அழுகத் தொடங்குமே, அது. பாலை நிறுத்தினார்கள். ஆன்டிபயாடிக் இரண்டு ஏற்றினார்கள். சரியாகத்தான் செய்தார்கள், நானும் அதைத்தான் செய்திருப்பேன். கண்ணாடிக்கு வெளியே நின்று அந்தச் சொட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது உன் படிவத்துச் சிவப்பு மைதான் கண்ணில் நின்றது. வந்து சேர்ந்த கொஞ்சநஞ்சக் குடித்தனக்காரர்களும் இதில் போய்விடுவார்கள். வேறு வழியில்லை.

அந்தப் பதினாலு டப்பா இருந்திருந்தால் இது வந்திருக்காதா? தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கு இந்த நோய் குறைவாக வருகிறது, அது தெரியும். குறைவாக வருகிறது என்பதற்கு வராது என்று அர்த்தம் இல்லை, அதுவும் தெரியும். கிடைத்த கட்டுரையையெல்லாம் படித்துவிட்டேன். வேறு பிள்ளைகளைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்கள், உன் பிள்ளையைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. சாப்பாட்டில் கை வைத்தால் அந்தக் கேள்வி வருகிறது. வேறு குழந்தையின் வயிற்றைத் தொட்டால் வருகிறது. உன்னைத் தவிர யாரிடமும் அதைக் கேட்க முடியாது. நீ பதில் சொல்லப் போவதில்லை.

நேற்று வார்டு வாசலில் உன் வீட்டுக்காரர் என்னிடம் கேட்டார். "புள்ள பொழச்சிக்குமா சார்?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் இருபத்திரண்டு வருடப் பதில்கள் இருக்கின்றன. தைரியமா இருங்க, கடவுள் இருக்கார், நாங்க இருக்கோம்.

"தெரியலப்பா" என்றேன். "நெஜமாவே தெரியல."

"அதுவும் இப்டித்தான் சார் சொல்லும்" என்றார். பிறகு, "நாளைக்கி வர்றீங்களா?" என்று கேட்டார். வருகிறேன் என்றேன்.

உன் மகளுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. தொட்டில் அட்டையில் உன் பெயரைப் போட்டு, அதன் கீழே பெண் குழந்தை என்று எழுதியிருக்கிறார்கள். நான்கு நாளாக மறுபடி சொட்டுச் சொட்டாகப் பால் ஆரம்பித்திருக்கிறார்கள், வங்கிப் பால். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு நர்ஸ் உன் பெயரைச் சொல்லி, "குழந்தைக்கு ஒரு மில்லி" என்கிறாள், இன்னொருத்தி எழுதிக்கொள்கிறாள். இரண்டு முறை வயிறு உப்பி நிறுத்தினார்கள். மறுபடி ஆரம்பித்தார்கள்.

வங்கியில் பால் போதவில்லை. அதனால்தான் இன்று ஃப்ரீசரைக் கழுவினேன். ஒரு வாரமாக, கிளினிக்கில் காத்திருக்கும் கூட்டத்துக்கு நடுவில் நின்று, ஆண்பிள்ளைகளும் இருக்கும்போதே, பால் அதிகம் சுரக்கிற தாய்மார்கள் கொடுங்கள் என்று சத்தமாகக் கேட்கிறேன். முதல் நாள் ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார். நீ கூசிய வார்த்தையை நான் இப்போது நாளுக்கு இருபது தடவை சொல்கிறேன். ஒருமுறை, ஒரே ஒருமுறை, அன்று மதியம் உன்னிடம் சொல்லியிருக்கலாம்.

பதினொரு மணிக்குப் பதினேழாம் குழந்தையின் அம்மா வந்தாள். அவளுக்கு இரண்டாவது குழந்தை பிறந்து மூன்று மாதம். உன் பேரைச் சொல்லி, "அந்த அக்கா புள்ளைக்கா சார்?" என்று கேட்டாள். அங்கே சோதித்து, சூடுபடுத்தி, எந்தக் குழந்தைக்குத் தேவையோ அதற்குத்தான் கொடுப்பார்கள், நம்மால் சொல்ல முடியாது என்றேன். "யாருக்குப் போனா இன்னா" என்று சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு பாட்டில் கொடுத்தாள். இரண்டின்மேலும் தாய்ப்பால் என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். போகும்போது வாசல் வேப்பமரத்திலிருந்து ஒரு கொத்து ஒடித்து ஐஸ் பெட்டியின் கைப்பிடியில் அவளே கட்டினாள். நான் சிரிக்கவில்லை.

உன் ஒட்டுச்சீட்டைக் காயவைத்து ஐஸ் பெட்டி மூடியின் உட்பக்கம் ஒட்டிவிட்டேன். பெட்டி இப்போது என் காலடியில் இருக்கிறது. பேருந்தில் மடியில்தான் வைத்துக்கொள்வேன். பாலாறு தாண்டி, ஓரிக்கை தாண்டி, நாலரைக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆறு மணிக்கு அந்த நர்ஸ் உன் பெயரைக் கூப்பிடுவாள். அப்போது நான் அங்கே நிற்க வேண்டும்.